மேலே அலுமினியம், நிலத்தடியில் செம்பு: மின்கடத்தித் தேர்வு குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: செம்புதான் சிறந்த மின்கடத்தி என்று படித்தோம். பிறகு ஏன் தமிழ்நாட்டில் வயல்களுக்கு மேலே செல்லும் உயரழுத்தக் கம்பிகள் அலுமினியத்தால் ஆனவை? (ஈசூன் வாசகர்)

பதில்: அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 விழுக்காடு என்பதால், அதே மின்தடையைப் பெறக் கம்பியின் குறுக்குப் பரப்பை 1.6 மடங்காக்க வேண்டும். ஆனாலும் அதன் அடர்த்தி செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு பருத்த பிறகும் எடை பாதியளவே வருகிறது. கோபுரங்களுக்கும் அவற்றின் அடித்தளத்துக்கும் ஆகும் செலவு அந்த எடையைப் பெரிதும் பொறுத்தது. பருமனும் இங்கே குறையன்று: மேற்பரப்பில் மின்புலச் செறிவு தணிவதால், ஈரமான இரவுகளில் 'உஸ்' என்று ஒலிக்கும் கொரோனா மின்னிறக்கம் (கம்பியைச் சுற்றியுள்ள காற்றில் மின்சாரம் கசிவது) குறைகிறது. இந்தியாவின் 400 கிலோவோல்ட் தடங்களில் பரவலாக உள்ள 'மூஸ்' கம்பியை அறுத்துப் பார்த்தால், வலுவூட்டும் 7 எஃகு இழைகள் நடுவிலும், மின்னோட்டத்தைச் சுமக்கும் 54 அலுமினிய இழைகள் சுற்றிலும் முறுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்; ஒவ்வோர் இழையின் விட்டமும் 3.53 மில்லிமீட்டர்.

கேள்வி: அப்படியானால் சிங்கப்பூரின் நிலத்தடிக் கேபிள்களில் செம்பு எதற்கு? (ஜூரோங் வாசகர்)

பதில்: நிலத்தடியில் எடையைத் தரையே தாங்கிக்கொள்கிறது, அங்கே இடமும் வெப்பமுமே கவலை. ஒரே அளவு மின்னோட்டத்துக்குச் செம்புக் கடத்தி மெலிதாக இருப்பதால், அதன்மேல் போர்த்தும் மின்காப்பும் உலோக உறையும் குறைகின்றன. ஓர் உருளையில் அதிக நீளம் சுற்றலாம் என்பதால் இணைப்புகளும் குறையும். பழுது பெரும்பாலும் இணைப்புகளில்தான் தலைகாட்டும் என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆயர் ராஜாவிலிருந்து பாய லேபார் வரை 16.5 கிலோமீட்டர் நீளும் கேபிள் சுரங்கம் போன்ற இடங்களில் இத்தகைய சிக்கனம் மிகவும் பயன்படும். இருப்பினும் செம்பின் விலை ஏறும்போது அலுமினியக் கேபிள்களை நாடுவதில் தவறில்லை.

கேள்வி: வெள்ளி இன்னும் நன்றாகக் கடத்துமே?

பதில்: ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே கூடுதல். அதன் விலைக்கு அது ஈடாகாது.

கேள்வி: கார்பன் இழை உள்ளகம் (நடுத்தண்டு) கொண்ட கம்பிகளைப் பழைய கோபுரங்களிலேயே மாட்டி இருமடங்கு மின்சாரம் அனுப்பலாம் என்கிறார்களே? (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி)

பதில்: அனுப்பலாம், ஆனால் எங்கே என்பதுதான் முக்கியம். சூடேறினால் கம்பி நீண்டு தொய்யும். தரையிலிருந்து இருக்க வேண்டிய இடைவெளி குறையும். கார்பன் உள்ளகம் எஃகைவிடப் பல மடங்கு குறைவாகவே விரிவதால், எஃகு உள்ளகக் கம்பியை வழக்கமாக 75 முதல் 90 பாகை வரையே இயக்கும் நிலையில், இதை 180 பாகை செல்சியஸ் வரை இயக்க முடிகிறது. எனினும் மின்னோட்டம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். அத்துடன் 75 பாகையிலிருந்து 180 பாகைக்குச் சூடேறும் அலுமினியத்தின் மின்தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. நெரிசலான நகர்ப்புறத்தில், ஆண்டில் சில மணி நேரமே உச்சச் சுமை ஏறும் குறுகிய தடத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் தடத்தில் மின்னழுத்த வீழ்ச்சியும் மின்கட்டமைப்பின் நிலைத்தன்மையும் வெப்பத்துக்கு முன்பே வரம்பிட்டுவிடும். அங்கே இது வீண்செலவு. மேலும், கூர்மையாக வளைத்தால் உள்ளகம் முறிந்துவிடும், வெளியே தடயம் தெரியாது. ஆகவே கம்பி இழுக்கும் குழுவுக்கு முறையான பயிற்சி தேவை.

கேள்வி: கடலோரத்தில் எந்தக் கம்பி நல்லது?

பதில்: உப்புக் காற்று எஃகின் துத்தநாகப் பூச்சைத் தின்றபின் அலுமினியமும் எஃகும் நேரடியாகத் தொட்டு அரிக்கத் தொடங்கும். மக்னீசியமும் சிலிக்கனும் கலந்த முழு அலுமினியக் கலவைக் கம்பி அங்கே நீடித்து உழைக்கும். எஃகு உள்ளகம் தவிர்க்க முடியாதது என்றால், இழைகளுக்கிடையே கிரீஸ் நிரப்பியதைக் கேட்டு வாங்குங்கள்.