உர மிச்சத்தை நம்பி இறங்காதீர்கள்

கேள்வி: சேரன்மகாதேவிப் பக்கம் இரண்டு ஏக்கர் நஞ்சை. இதுவரை உரம் போட்டு அம்பை 16 நெல் ரகம்தான். சென்னை வேலையை விட்டு வந்த மகன், இந்தப் பிசானப் பருவத்தில் முழுசாக இயற்கைக்கு மாறலாம் என்கிறான். உரச் செலவு மிச்சம்தானே, கட்டுபடியாகுமா?
– வாசகி ஒருவர்

பதில்: உரத்தில் என்னம்மா பெரிய மிச்சம்? மானியம் போக, 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுதான். கல்லிடைக்குறிச்சியில் என் ஒரு ஏக்கரில் முதல் பிசானத்துக்கு உரம், மருந்து வகையில் 7,000 மிச்சம். களையெடுப்புக்கு 9,000 போனது. உழவு, நடவு, அறுவடை மெஷின் வாடகையெல்லாம் எப்போதும்போலதான். சாணியும் கோமியமும் சுமந்து ஜீவாமிர்தம் கரைத்தது நானும் வீட்டுக்காரியும். அந்தக் கூலியை நான் கணக்கில் எழுதவில்லை. எழுதினால் அவள் கேட்பாள்.

கண்டுமுதலில், அதாவது விளைச்சலில்தான் அடி. அம்பை 16 போட்டு 2,300 கிலோ கண்ட வயலில் பாரம்பரிய ரகமான தூயமல்லி 1,400 கிலோ. கொள்முதல் நிலையத்தில் மோட்டாவா சன்னமா என்று பார்ப்பார்களே தவிர, இயற்கை நெல்லுக்குத் தனி விலை கிடையாது. 2025-26 ஆதார விலை, சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,369 ரூபாய். மாநில ஊக்கத்தொகையை விட்டுவிட்டுப் பார்த்தால், அம்பை 16-க்கு 54,000 தாண்டும். என் தூயமல்லிக்கு 33,000 சொச்சம்.

அதனால் அவித்து அரைத்து அரிசியாக்கினேன். 850 கிலோ. கிலோ 80 ரூபாய் என்று விற்றுத் தீர்க்க எட்டு மாசம் ஆனது. கடைசி 100 கிலோவில் வண்டு விழுந்து கோழிக்குப் போனது. அரைவைக் கூலி, பை, பஸ் பார்சல் கழித்தால் பழைய 54,000-க்குச் சற்றுக் கீழேதான் நின்றது. மூன்றாம் வருஷம் 1,750 கிலோ, வாடிக்கையாக நாற்பது வீடு. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

இன்னொன்று, நீங்களும் கன்னடியன் கால்வாய்ப் பாசனமாகத்தான் இருப்பீர்கள். மேல்வயல்காரர் போட்ட யூரியாவும் களைக்கொல்லியும் தண்ணீரோடு உங்கள் வயலுக்குள் இறங்கும். சான்றிதழ் வேண்டுமென்றால் விதைப்புக்கு முன்னால் இரண்டு வருஷம் மாற்றக் காலம் வேறு. ஆகவே மடையிலிருந்து நேரே தண்ணீர் பாயும் துண்டாகப் பாருங்கள். நடவுக்கு முன்னால் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள்.

மகன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, சென்னையில் அரிசி வாங்கக்கூடிய வீடுகளை எழுதச் சொல்லுங்கள். முப்பது பேர் தேறாவிட்டால் இந்தப் பிசானத்துக்கு அரை ஏக்கர் போதும். மிச்சத்தில் அம்பை 16 இருக்கட்டும்.