அரசியல் அறிவியல் பி.ஏ.வையும் பொதுக்கொள்கை முதுகலையையும் சேர்த்து ஐந்தே வருடத்தில் முடிக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் முதலாண்டு. நான்கு வருடப் பி.ஏ.வையும் இரண்டு வருட எம்.பி.பி.யையும் (பொதுக்கொள்கை முதுகலை) ஐந்து வருடத்தில் முடித்துவிடும் 'நாலு பிளஸ் ஒன்று' திட்டம் அங்கே இருக்கிறது. ஒரு வருடச் செலவு மிச்சமாகுமா, மூன்றாம் ஆண்டில் விண்ணப்பித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிச்சமாகும், ஆனால் எல்லோருக்கும் முழு வருடம் மிச்சமாகாது. விண்ணப்பம் மூன்றாம் ஆண்டில்தான். ஆனால் திட்டம் ஓடுமா படுக்குமா என்பது முதல் இரண்டு வருடத்தில் அவர் எடுக்கும் கணக்குப் பாடங்களிலேயே தெரிந்துவிடும்.

முதலில் கிரெடிட் (பாடங்களை எண்ணும் அலகு) கணக்கைப் பார்த்துவிடுவோம். பி.ஏ.வுக்கு 120 கிரெடிட். எம்.பி.பி. இடத்துக்கு இடம் மாறும். 36 முதல் 48 வரை சாதாரணம். 48 என்றே வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் படித்தால் மொத்தம் 168. சேர்த்துப் படிக்கும்போது சில முதுகலைப் பாடங்களை இரண்டு பட்டத்துக்கும் எண்ணிக்கொள்ள விடுவார்கள். பல இடங்களில் இந்த இரட்டைக் கணக்கு 9 அல்லது 12 கிரெடிட், அதாவது மூன்று நான்கு பாடம். 12 என்றால் 48-இல் இன்னும் 36 பாக்கி. அதை ஐந்தாம் ஆண்டின் இரண்டு செமஸ்டரில் முடிக்க வேண்டுமானால் செமஸ்டருக்கு 18. முதுகலையில் 9 எடுத்தாலே முழுநேர மாணவர். 12 எடுத்தால் வாரக்கடைசி என்று ஒன்று இருக்காது. 18-க்கு எந்த ஆலோசகரும் கையெழுத்துப் போட மாட்டார்.

ஆக, ஐந்தாம் ஆண்டில் 12-ம் 12-ம் போக மிச்சம் 12 கிரெடிட் அந்தரத்தில் நிற்கும். அதை வைக்க இரண்டே இடம்தான் உண்டு. ஒன்று, நான்காம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் நடுவில் வரும் கோடை. ஆனால் இன்டர்ன்ஷிப்புக்கான கோடையும் அதுதான். இன்னொன்று, நான்காம் ஆண்டிலேயே 120-க்கு மேல் கூடுதலாக எடுப்பது. இங்கேதான் பள்ளியில் எழுதிய, கல்லூரிக் கிரெடிட் தரும் ஏ.பி. தேர்வுகள் கைகொடுக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஏ.பி. இல்லாமல் வருவது அபூர்வம். ஏ.பி.யில் 24 கிரெடிட் வந்திருந்தால், எட்டு செமஸ்டருக்குச் செமஸ்டருக்கு 12 எடுத்தாலே பி.ஏ. முடிந்துவிடும், 15 எடுத்தால் 24 கிரெடிட்டுக்கு இடம் கிடைக்கிறது. ஏ.பி. கிரெடிட் ஒன்றுகூட எம்.பி.பி.க்குள் போகாது, இடத்தை மட்டும்தான் காலி செய்து கொடுக்கும். அது போதும்.

உண்மையான மிச்சம் எங்கே என்றால், இளங்கலைக் கட்டண விதியில். பல பல்கலைக்கழகங்களில் முழுநேர இளங்கலை மாணவருக்கு 12 கிரெடிட்டானாலும் 18 கிரெடிட்டானாலும் ஒரே கட்டணம். நான்காம் ஆண்டில் அந்த 18-க்குள் ஒரு முதுகலைப் பாடத்தை நுழைத்துவிட்டால் தனிக்காசு கிடையாது. அதே பாடத்தை ஐந்தாம் ஆண்டில் எடுத்தால் முதுகலைக் கட்டணம், அதுவும் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று. சில இடங்களில் சேர்க்கை கிடைத்த செமஸ்டரிலிருந்தே மாணவரை முதுகலை என்று பதிந்து முதுகலைக் கட்டணம் போடுவார்கள். அங்கே இந்த லாபம் கிடையாது. 'எந்த செமஸ்டரிலிருந்து என் நிலை முதுகலை என்று மாறும்?' இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம்.

இனி கணக்குப் பாடம். அரசியல் அறிவியல் மேஜரை (முதன்மைப் பாடத்தை) ஒரு வரி சமன்பாடு எழுதாமலேயே முடித்துவிடலாம். எம்.பி.பி.யில் முதல் செமஸ்டரிலேயே நுண்பொருளியலும் புள்ளியியலும் காத்திருக்கும். அடுத்த செமஸ்டரில் ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறும் என்று கணிக்கும் புள்ளியியல் முறை), செலவு-பயன் பகுப்பாய்வு, பொது நிதி. ரிக்ரெஷன் வகுப்பு ஆர் அல்லது ஸ்டேட்டா மென்பொருளில் ஓடும். இதற்கான அடித்தளம் முதல் இரண்டு வருடத்தில் விழ வேண்டும்: முதலாண்டில் நுண்பொருளியல் அறிமுகமும் கால்குலஸ் ஒன்றும், இரண்டாமாண்டில் புள்ளியியலும் பேரியல் பொருளியலும், முடிந்தால் மூன்றாமாண்டில் இடைநிலை நுண்பொருளியல். அரசியல் அறிவியல் துறையே நடத்தும் ஆய்வு முறைகள் பாடத்தைப் புள்ளியியலுக்குப் பதிலாக ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றாலும் தனிப் புள்ளியியல் ஒன்று எடுப்பதே நல்லது. ஏ.பி. புள்ளியியலைக் காட்டி விலக்கு வாங்கியவர்கள், பள்ளியில் படித்து நான்கு வருடம் கழித்து ரிக்ரெஷன் வகுப்பில் போய் உட்காரும்போது தடுமாறுவது வழக்கம்.

தடுமாறினால் என்ன ஆகும்? இளங்கலையில் சி வாங்கினாலும் கிரெடிட் உண்டு. முதுகலையில் பி-க்குக் கீழே போனால் பல இடங்களில் அந்தப் பாடம் எம்.பி.பி.க்கு எண்ணப்படாது, சராசரியும் 3.0-க்குக் கீழே போகக்கூடாது. இரட்டைக் கணக்கில் வைத்த பாடத்தில் சி வந்தால் பி.ஏ.வுக்கு அது உண்டு, எம்.பி.பி.க்கு இல்லை. 12 என்று போட்ட கணக்கு 9 ஆகிவிடும். இன்னும் மோசமானது, கட்டாயப் பாடங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பது. புள்ளியியல் ஒன்று இலையுதிர் செமஸ்டரில், இரண்டு வசந்தத்தில் என்று சங்கிலியாகப் போட்டிருப்பார்கள். முதல் கண்ணி விட்டால் அடுத்த இலையுதிர்தான். ஐந்து வருடம் ஐந்தரை, ஆறு ஆவது பெரும்பாலும் இப்படித்தான்.

மோதல் வருகிற இடங்கள் இன்னும் இரண்டு. நான்காம் ஆண்டு இலையுதிரில் மேஜரின் சீனியர் செமினாரும் எம்.பி.பி. கட்டாயப் பாடமும் ஒரே நேரத்தில் விழும். ஹானர்ஸ் தீசிஸும் எழுதுகிறார் என்றால் இரண்டில் ஒன்றை விட வேண்டியிருக்கும். சீனியர் செமினாரை மூன்றாம் ஆண்டு வசந்தத்துக்கே இழுத்துக்கொள்ள முடியுமா என்று துறையில் கேளுங்கள். அடுத்தது, மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் ஒரு செமஸ்டர் லண்டன், பாரிஸ் என்று போய்ப் படிக்கிற ஆசை. விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம், விட்டுப்போன முன்தேவைப் பாடம் எல்லாம் அந்த வசந்தத்தில்தான் வந்து விழும். போவதாக இருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே போய்வரட்டும்.

விண்ணப்பத்தில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சொந்த மாணவர் என்பதால் ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு பெரும்பாலும் கேட்பதில்லை, ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) 3.0-க்கும் 3.5-க்கும் நடுவில் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பேட்டன் பள்ளியில் எந்த மேஜர் படிப்பவரும் மூன்றாம் ஆண்டில் விண்ணப்பிக்கலாம். சிகாகோவின் ஹாரிஸ் பள்ளி காலாண்டு முறையில் நடப்பது, அங்கே எம்.பி.பி. என்பது 18 பாடம் என்ற கணக்கு, மேலே நான் போட்ட கிரெடிட் கூட்டல் அப்படியே பொருந்தாது. பெரும்பாலும் இது சொந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நடக்கிற ஏற்பாடு. ஓரிடத்தில் பி.ஏ., இன்னோரிடத்தில் எம்.பி.பி. என்றால் பொதுவாக இரட்டைக் கணக்கு கிடையாது.

அரசியல் அறிவியலின் தொடர்ச்சிதான் எம்.பி.பி. என்று பலர் நினைக்கிறார்கள். கேட்கிற கேள்வியே வேறு. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதை அரசியல் அறிவியல் மாணவரிடம் கொடுத்தால், கட்சி ஏன் இதை வாக்குறுதியாகத் தேர்ந்தெடுத்தது, வாக்கு எப்படி நகர்ந்தது என்று பதினைந்து பக்கம் எழுதுவார். எம்.பி.பி.யில் இரண்டு பக்கம்தான் தருவார்கள். போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஒரு பயணத்துக்கு எவ்வளவு ஈடு கட்டுகிறது, கட்டணம் இருந்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் நடந்தே போயிருப்பார்கள், அதே பணத்தில் பேருந்து எண்ணிக்கையைக் கூட்டினால் என்ன ஆகும், மூன்று வழிகளில் எதைப் பரிந்துரைக்கிறாய், முதல் பத்தியிலேயே சொல் என்பார்கள். அரசியல் அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் முதல் மெமோவில் அடி வாங்குவது இதனால்தான். முடிவைக் கடைசிப் பத்தியில் வைக்கப் பழகியிருப்பார்கள்.

பண உதவி பற்றி. பெல் கிராண்ட் என்ற கூட்டாட்சி மானியம் இளங்கலைப் பட்டம் பெறாதவர்களுக்கு மட்டும். நிலை முதுகலை என்று மாறிய அன்றே நின்றுவிடும். பல்கலைக்கழகமும் மாநிலமும் தரும் மெரிட் உதவி பெரும்பாலும் எட்டு செமஸ்டரோடு சரி. இன்னொன்று பலருக்குத் தெரியாது: கூட்டாட்சி உதவி, சேர்ந்திருக்கும் பட்டத்துக்கு எண்ணப்படும் பாடங்களுக்குத்தான். பி.ஏ.வுக்கு எண்ணப்படாத கூடுதல் முதுகலைப் பாடத்தை நான்காம் ஆண்டில் எடுத்தால், உதவிக் கணக்கில் அது இல்லாத பாடம். பி.ஏ.வுக்கு எண்ணப்படுவதே 12-க்குக் கீழே போய்விட்டால் அவர் முழுநேர மாணவராகவே கருதப்பட மாட்டார். ஐந்தாம் ஆண்டில் ஒரு நல்லது உண்டு: முதுகலை மாணவர் என்பதால் எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்ற உதவி விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர் வருமானம் கேட்க மாட்டார்கள். ஆனால் மானியம் குறைவு, கடன்தான் மிகுதி. முதுகலைக்கான நேரடிக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர் வரை; அதற்கு மேல் வாங்க உதவிய கிராட் பிளஸ் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு இல்லை. ஐந்தாம் ஆண்டுச் செலவு அந்தத் தொகையைத் தாண்டினால் எங்கிருந்து வரும் என்று இப்போதே யோசித்து வைக்கவேண்டும்.

மகள் எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் கணக்கு இன்னும் மாறும். படிப்புக்குப் பின் தரும் ஓ.பி.டி. வேலை அனுமதி கல்வி நிலை ஒன்றுக்கு 12 மாதம். பி.ஏ. முடித்து வேலை பார்த்துவிட்டுப் பிறகு எம்.பி.பி. போனால் இரண்டு முறை கிடைக்கும். இடைவெளி இல்லாமல் முதுகலை ஐ-20-க்கு (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று) மாறினால் பி.ஏ.வுக்கான 12 மாதம் கைவிட்டுப் போகும், எம்.பி.பி. முடித்துவிட்டுத் திரும்பி வந்து அதைக் கேட்க முடியாது. அடுத்து, ஐ-20-இல் அச்சாகியிருக்கும் சி.ஐ.பி. குறியீட்டை (படிப்பை வகைப்படுத்தும் எண்ணை) பாருங்கள். பொதுக்கொள்கைப் பகுப்பாய்வுக்கான 44.0501 ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் படிப்புகள்) பட்டியலில் இல்லை, ஓ.பி.டி.க்கு 24 மாத நீட்டிப்பு கிடையாது. அளவியல் பொருளியலுக்கான 45.0603-இன் கீழ்ப் பதிந்த படிப்பாக இருந்தால் உண்டு. பட்டத்தின் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம், எண்ணைக் கேளுங்கள். கூட்டாட்சி அரசு வேலைகள் அநேகமாகக் குடிமக்களுக்கே என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிமக்களுக்கு அந்த வேலையில் முதுகலையின் மதிப்பு தெளிவானது. ஜி.எஸ். என்ற ஊதியப் படிநிலையில் பி.ஏ.வுக்கு ஜி.எஸ்.-5, மதிப்பெண் மிக நன்றாக இருந்தால் 7, முதுகலைக்கு 9. முதுகலை முடித்தவர்களை நேராக உள்ளே எடுத்த பிரசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெல்லோஸ் திட்டம் 1977-இலிருந்து நடந்தது, 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் அது முதல் வரியில் இருக்கும், நம்பிவிட வேண்டாம். இப்போதைக்கு மாநில, கவுன்ட்டி பட்ஜெட் அலுவலகங்களைக் குறிவைப்பதே நிதானமான யோசனை என்பேன்.

எவருக்கு இது வேண்டாம்? சட்டம் படிக்கப் போகிறவருக்கு எம்.பி.பி. கூடுதல் அலங்காரம். பிஎச்.டி. எண்ணம் உள்ளவருக்கு அந்த ஒரு வருடம் கணிதத்திலும் தீசிஸிலும் போனால் இன்னும் பலன். வெளியுறவுப் பணிக்கான ரேஞ்சல், பிக்கரிங் உதவித்தொகைகள் புதிதாக இரண்டு வருட முதுகலையில் சேருகிறவர்களுக்கானவை. பாதியை இளங்கலையிலேயே முடித்துவிட்டவர் அதில் பொருந்துவது கடினம். என்ன செய்யப்போகிறோம் என்றே தெரியாத பிள்ளை இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனால் வேறு பெரிய பள்ளிகளில் உதவியோடு இடம் வாங்கக்கூடும். மாநில அளவில் பகுப்பாய்வாளர் வேலை, எண் பயமில்லை, ஏ.பி. கிரெடிட் கையில் இருக்கிறது என்றால் தாராளமாகப் போகலாம்.

நடுவில் மனம் மாறினால்? பி.ஏ. எங்கும் போகாது, ஏற்கனவே எடுத்த முதுகலைப் பாடங்கள் அதற்கு எண்ணப்பட்டிருக்கும். அதே காரணத்தால் இன்னொரு பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.க்கு அந்தக் கிரெடிட்டுகளை எடுத்துப் போக முடியாது; ஒரு பட்டத்துக்குச் செலவான கிரெடிட்டை அடுத்தவர் பொதுவாக வாங்க மாட்டார். அதனால் நான்காம் ஆண்டில் எந்தப் பாடம் பி.ஏ.வுக்கு எண்ணப்படுகிறது, எது எம்.பி.பி.க்கு மட்டும் என்று பதிவாளர் அலுவலகத்தில் செமஸ்டர்தோறும் தனித்தனியாகக் குறித்து வாங்கிக்கொள்ளட்டும்.