அசுவினிக்குப் புகையான் என்ன உறவு?

அன்புள்ள ஐயா,

எங்கள் உளுந்தில் அசுவினி, தென்னையில் வெள்ளை ஈ, நெல்லில் புகையான், எல்லாவற்றிலும் இலைப்பேன். அனைத்தையும் ‘சாறு உறிஞ்சும் பூச்சிகள்’ என்கிறோம். நான் படித்த காலத்தில் முதல் மூன்றும் ‘ஹோமாப்டிரா’. மகளின் பாடநூலில் அந்தப் பெயரே இல்லை. ஏன்?

— ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

அன்புள்ள நண்பருக்கு,

‘சாறு உறிஞ்சும்’ என்ற சொல் பூச்சியின் பிழைப்பைச் சொல்கிறது. வகைப்பாட்டியல் கேட்பதோ அதன் வம்சாவளியை. இலைப்பேன் தைசனாப்டிரா என்னும் வேறு வரிசையை, அதாவது பூச்சியினத்தின் வேறொரு பெரும்பிரிவை, சேர்ந்தது. மற்ற மூன்றும், ஊசி போன்ற உறிஞ்சுகுழல் கொண்ட ஹெமிப்டிரா வரிசையின. வெள்ளை ஈக்கு நான்கு சிறகுகள் இருப்பதால், இரு சிறகுள்ள ஈயினத்தோடு அதற்குப் பெயரளவில்தான் தொடர்பு.

முன்சிறகு முழுவதும் ஒரே தன்மையாக இருந்தவற்றை முன்னோர் ஹோமாப்டிரா என்றும், பாதி தடித்தும் பாதி மெல்லியதாகவும் இருந்தவற்றை ஹெட்டிராப்டிரா என்றும் பிரித்தார்கள். 1990களில் மரபணுக்களை ஒப்பிட்டபோது ஹோமாப்டிரா என்ற பிரிவு நிற்கவில்லை. பால் பிடிக்கும் கதிரில் நாற்றமடிக்கும் கதிர் நாவாய்ப்பூச்சி ஹெட்டிராப்டிராவைச் சேர்ந்தது. புகையான் அசுவினியைவிட அதற்கே நெருங்கிய உறவு என்று தெரிந்தது. ஒரே வயலில் இரண்டையும் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் ஒப்பாத செய்தி என்பதை அறிவேன். இன்று அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவை ஸ்டெர்னோரிங்கா என்ற துணைவரிசையிலும், புகையானும் தத்துப்பூச்சிகளும் ஆக்கெனோரிங்காவிலும் உள்ளன. முன்னவற்றில் உறிஞ்சுகுழல் முன்னங்கால்களுக்கு இடையிலிருந்து கிளம்புவதுபோலத் தோன்றும்.

ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் ‘ஏஃபிஸ்’ என்று பெயரிட்ட பேரினத்தில்தான் உங்கள் உளுந்து அசுவினியும் இருக்கிறது. சம்பா அறுவடைக்கு முன் ஈரத்தில் தெளித்த உளுந்து பூக்கும் நேரத்தில், ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கைலென்சில் பாருங்கள். பளபளக்கும் கறுப்புத் தாய்ப்பூச்சியின் பின்புறத்தில் இரு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பொறுமையாகக் காத்திருந்தால் அது குட்டி ஈனுவதையும், குட்டி பின்பக்கமாக வெளிவருவதையும் காணலாம். ஆண் துணையின்றிப் பிறக்கும் அந்தக் குட்டிக்குள் அடுத்த தலைமுறையின் கருக்கள் ஏற்கெனவே வளரத் தொடங்கியிருக்கும். நான்கைந்து செடிகளில் கண்ட பூச்சி சில நாட்களில் வயல் முழுதும் தெரிவது இதனால்தான். அசுவினியின் மிக நெருங்கிய உறவினர்களான, திராட்சை வேரைத் தாக்கும் ஃபில்லாக்செராவுக்கும் ஊசியிலை மரங்களில் வாழும் அடெல்ஜிடுகளுக்கும் இந்தக் குழல்கள் கிடையா. அவை எப்போதும் முட்டைதான் இடும்.

இலைப்பேன், வெள்ளை ஈ என்ற நம் பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. அவை வயலில் அடையாளம் காண்பதற்காகப் பிறந்தவை. அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன.