வாசகர் கேள்வி – பதில்: குறைந்த செலவில் இங்கிலாந்தின் விமானங்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனும் நானும் அடுத்த ஆண்டு இங்கிலாந்து சென்று, ஒரு பெரிய விமான சாகச நிகழ்ச்சியையும் சில அருங்காட்சியகங்களையும் காண விரும்புகிறோம். கையிருப்பு அதிகமில்லை. எதிலிருந்து திட்டமிடத் தொடங்குவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சாகச நிகழ்ச்சியின் தேதியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பயணத்தில் கணிசமாகச் செலவு வைக்கும் நாள் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். மற்ற நாட்களுக்கு இங்கிலாந்தில் இலவச அருங்காட்சியகங்கள் தாராளமாக இருக்கின்றன.

பெரிய நிகழ்ச்சி என்றால், குளாஸ்டர்ஷயரில் உள்ள ஃபேர்ஃபோர்டு விமானப்படைத் தளத்தில் வழக்கமாக ஜூலை மாதம் நடைபெறும் ராயல் இன்டர்நேஷனல் ஏர் டாட்டூவைச் சொல்வேன். பல நாட்டு விமானப்படைகள் அங்கு வருகின்றன. முன்கூட்டியே டிக்கெட் வாங்கியிருப்பது அவசியம். வாயிலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிச் செல்லாதீர்கள். அந்த வாரத்தில் சுற்றுவட்டார விடுதிகளின் வாடகை பலமடங்கு உயர்ந்துவிடும். ஆகவே லண்டனின் பேடிங்டன் நிலையத்திலிருந்து ஸ்விண்டன் செல்லும் ரயில் பாதையில், நடுவழியில் இருக்கும் ரீடிங் போன்ற ஊரில் தங்கி, ஸ்விண்டன் வரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலோ டாக்சியிலோ செல்வது மேல். லண்டனில் தங்குவதற்கு, கோடை விடுமுறையில் பல்கலைக்கழகங்கள் வாடகைக்கு விடும் மாணவர் விடுதி அறைகளைப் பாருங்கள். அவை சுத்தமானவை, பலவற்றில் சமையலறையும் உண்டு என்பதால் சாப்பாட்டுச் செலவும் குறையும்.

இருவரும் சேர்ந்தே பயணம் செய்வதால் 'டூ டுகெதர்' ரயில் அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் வார நாட்களில் காலை 9.30 மணிக்கு முன்பு அது செல்லாது. விசாவுக்குப் பயணத் தேதிக்கு 3 மாதங்களுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். எனவே விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இனி இலவச இடங்கள். லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகம், காலின்டேல் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை குண்டுவீசச் சென்று திரும்பிய லங்காஸ்டர் விமானம் ஒன்று அங்கே நிற்கிறது. எதிரியின் எந்த விமானமும் ஜெர்மானிய வான்வெளிக்குள் பறக்காது என்று ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் விட்ட சவாலை அதன் மூக்கில் எழுதி வைத்து, அருகிலேயே ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு குண்டின் படத்தை வரைந்திருக்கிறார்கள். அந்த வரிசையின் முன் அவசரமின்றி நில்லுங்கள்.

சௌத் கென்சிங்டனில் உள்ள அறிவியல் அருங்காட்சியகத்தில், 1930இல் ஏமி ஜான்சன் என்ற ஆங்கிலேயப் பெண் விமானி தனியாக ஆஸ்திரேலியா வரை ஓட்டிச் சென்ற 'ஜேசன்' என்ற சிறு விமானம் இருக்கிறது. அந்தப் பயணத்தின் வழியில் அவர் நம் ஜான்சியிலும் இறங்கினார். 1941இல் பறந்த பிரிட்டனின் முதல் ஜெட் விமானமும் அதே அருங்காட்சியகத்தில்தான் உள்ளது.

ஒரு முழு நாளை காஸ்ஃபோர்டுக்கு ஒதுக்கும்படி உங்களை வற்புறுத்துவேன். வுல்வர்ஹாம்ப்டன் – ஷ்ரூஸ்பரி ரயில் பாதையில் அந்தப் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. அங்குள்ள விமானப்படை அருங்காட்சியகம் நிலையத்துக்கு அருகிலேயே, அனுமதியும் இலவசம். அணுகுண்டு ஏந்துவதற்காக பிரிட்டன் உருவாக்கிய வேலியன்ட், விக்டர், வல்கன் ஆகிய மூன்று விமானங்களையும் ஒரே கூரையின் கீழ் காண உலகில் இந்த ஓர் இடம்தான் உண்டு. தொலைவைப் பார்த்துப் பலர் இதைத் தவிர்த்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி: புகழ்பெற்ற ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சிக்குப் போகலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும் அது, விமானம் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்குமான வர்த்தகக் கண்காட்சி. பொதுமக்களுக்காக வார இறுதியில் நடத்திவந்த சாகச நிகழ்ச்சியைக் கைவிட்டுவிட்டார்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. மே மாதத்தில்தான் விடுமுறை. அப்போது சென்றால் பறக்கும் விமானங்களைக் காண முடியாதா?
– வாசகி, மதுரை

பதில்: முடியும், அம்மா. கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள டக்ஸ்ஃபோர்டு, இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களை 1938இல் முதன்முதலில் பெற்ற விமானத் தளம். இன்று அது கட்டணம் வாங்கும் அருங்காட்சியகம். ஆனால் ஓடுபாதை இன்னும் இயங்குவதால், வானிலை நன்றாக இருந்தால் சாதாரண நாட்களிலேயே ஸ்பிட்ஃபயர் எழும்புவதைக் காணலாம். சாகச நிகழ்ச்சிக்கான கூடுதல் விலையைக் கொடுக்காமலே கிடைக்கும் அனுபவம் அது. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு பயணிகள் விமானம் ஒன்றும், உள்ளே ஏறிப் பார்க்கக்கூடியதாக, அங்குண்டு. லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து விட்டில்ஸ்ஃபோர்டு பார்க்வே நிலையம் சென்று, அங்கிருந்து டாக்சியில் போகலாம்.

பெட்ஃபோர்டுஷயரின் ஓல்டு வார்டன் கிராமத்தில் உள்ள ஷட்டில்வொர்த் தொகுப்பு என்ற பழைய விமானங்களின் அருங்காட்சியகம், கோடையில் சிறிய அளவிலான பறக்கும் நிகழ்ச்சிகளை நடத்துகிறது. 1909ஆம் ஆண்டின் பிளேரியோ விமானம் அங்கு இன்னும் தன் மூன்று சிலிண்டர் எஞ்சினோடு புல்தரையை விட்டுச் சற்றே எழும்புகிறது. காற்று அடங்கியிருந்தால் மட்டுமே அதை வெளியே எடுப்பார்கள் என்பதால், பகல் நிகழ்ச்சியைவிட மாலை நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பிகிள்ஸ்வேட் நிலையத்திலிருந்து டாக்சி தேவைப்படும். இரவு திரும்புவதற்கான வண்டியையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.