கோயிலா, கம்பெனி வேலையா?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாகஸ்வரம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான், நன்றாக வாசிக்கிறான். ஆனால் அவன் அப்பா, கோயில் சம்பளத்தில் நான் பட்டது போதும், பி.காம் படித்து வேலைக்குப் போ என்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. முன்பு கோயிலும் மடமும் நிலம், நெல் என்று கொடுத்து வித்வானை வைத்துக் காப்பாற்றின; திருவாவடுதுறை ஆதீனத்தில் நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை ஆஸ்தான வித்வானாக இருந்தார். கல்யாண வாசிப்பு அதற்கு மேல் வரும்படி. இன்று தலைகீழ். முகூர்த்தப் பணத்தில்தான் குடும்பம் ஓடுகிறது, ஆடியும் மார்கழியும் வந்தால் அதுவும் கிடையாது, போதாக்குறைக்கு மண்டபங்களில் செண்டை மேளம் வேறு வந்துவிட்டது.

ஆனாலும் கோயிலை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண்டபத்தில் சினிமாப் பாட்டும் கெட்டிமேளமும்தான் கேட்பார்கள். தோடி ராகத்தை எடுத்து ஆற அமர வாசிக்க சாமி புறப்பாட்டில்தான் இடம் உண்டு, விடியலுக்குப் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று வேளைக்கேற்ற ராகம் கைக்கு வருவதும் அங்கேதான், இருபது வயதுக்குள் அது கைக்கு வராமல் போனால் பிறகு எத்தனை கச்சேரி கிடைத்தும் பயன் குறைவு.

அதனால் பையன் திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் சேரட்டும், பி.காமைத் தொலைநிலைக் கல்வியில் படிக்கட்டும், அப்பாவுக்கும் சமாதானமாக இருக்கும். இசைப்பள்ளி ஆசிரியர் வேலைக்கு இசைக் கல்லூரிச் சான்றிதழ் உதவும். வானொலி ஆடிஷனுக்கும் போகட்டும், அங்கே கொடுக்கும் தரநிலையான கிரேடு வாங்கிவிட்டால் வெளியில் கேட்கிற தொகையும் கூடும். சிங்கப்பூர், மலேசியக் கோயில்களில் ஒப்பந்தத்துக்கு எடுக்கிறார்கள், நல்ல வாய்ப்புதான். ஆனால் என்ன விசா, சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று கோயில் நிர்வாகத்திடமே கேட்காமல் ஏஜென்ட் கையில் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பேத்தி நாகஸ்வரம் கற்க ஆசைப்படுகிறாள். பெண்ணுக்கு மூச்சு போதுமா என்கிறார்கள்.
- ஒரு வாசகர், சீர்காழி

பதில்: தாராளமாகப் போதும். மதுரை பொன்னுத்தாய் வாசித்தார், காலீஷாபி மெஹபூப் கணவரோடு வாசித்து 2020இல் பத்மஸ்ரீ வாங்கினார். உங்கள் ஊரிலேயே அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மூன்று வருடப் படிப்பு. வாத்தியம் வாங்க, நாகஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டைக்குப் போகும்போது ஆசிரியரையும் கூட்டிப்போங்கள், அவர் ஊதிப் பார்த்து சுருதி சரி என்று சொன்ன பிறகு காசு கொடுங்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளி மட்டும் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.