கொல்லைக்கு வரும் இரண்டு பேர்

கேள்வி: கும்பகோணம் பக்கம் சொந்த வீடு. கொல்லையில் சேப்பங்கிழங்கு, கத்தரி, கொஞ்சம் கீரை போட்டிருக்கிறேன். ஒரு மாதமாகக் காலையில் எழுந்து பார்த்தால் மண் கிளறிக் கிடக்கிறது. மதில் ஓரம் பெரிய பொந்து, அதன் வாயில் மண் குவியல். பக்கத்துப் பாத்தியில் சேப்பங்கிழங்கைக் கடித்துப் போட்டிருக்கிறது. கீரை விதைத்த பாத்தியிலும் அங்கங்கே குழி, ஆனால் அங்கே எதையும் தின்றதாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எலி மருந்து வைக்கச் சொல்கிறார். என் கணவரோ கொல்லை முழுக்க சிமென்ட் தரை போட்டுவிடலாம் என்கிறார். வீட்டில் நாய் உண்டு, மூன்று வயதுப் பேத்தியும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஓரிடத்தில் கிழங்கு கடிபட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் எதுவும் போகவில்லை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். வந்து போவது இரண்டு பேர்.

மதில் ஓரத்து ஆள் பெருச்சாளி. சாதாரண வீட்டெலி வளை தோண்டினால் இவ்வளவு மண் வெளியே வராது. தெலுங்கில் இதைப் பந்திகொக்கு என்பார்கள், பன்றி எலி என்று பொருள். இங்கிலீஷ்காரர்களின் 'பாண்டிகூட்' அங்கிருந்து போனதுதான். மூலையில் மடக்கினால் உர்ரென்று உறுமுவதைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

கீரைப் பாத்திக்கு வருவது அநேகமாகப் பூனை. கொத்திப் பொடியாக்கி நீர் தெளித்த மண் உங்களுக்கு விதைப் பாத்தி, அதற்குக் கழிப்பறை. மூடியிருக்கும் குழியைக் குச்சியால் லேசாகக் கிளறிப் பாருங்கள், தெரிந்துவிடும். முளை ஒரு சாண் வளரும்வரை காய்ந்த கருவேல முள்ளையோ தென்னை ஓலையையோ மேலே பரப்பி வையுங்கள். கால் வைக்க வசதியில்லை என்றால் பூனை வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

சந்தேகமாக இருந்தால் படுக்கப் போகும்முன் குழிகளைச் சுற்றிக் கோலமாவைச் சல்லடையால் மெல்லியதாகத் தூவுங்கள். காலையில் பூனையின் தடம் உருண்டையாக, நகம் பதியாமல் இருக்கும். நாய், கீரி என்றால் நகம் பதியும். மூன்று விரல் முன்னால் நீட்டியிருந்தால் பறவை: மைனா, இப்போதெல்லாம் மயில்கூட. கீரி என்று தெரிந்தால் பேசாமல் விட்டுவிடுங்கள். எருவிலுள்ள புழுவுக்காகத்தான் அது கிளறுகிறது, எலியையும் பிடிக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தொடவும் கூடாது.

சரி, பெருச்சாளிக்கு வருவோம். ஒரு நாள் சாயங்காலம் கண்ணில் படும் பொந்துகளையெல்லாம் ஈர மண்ணால் அடைத்துவிடுங்கள். மறுநாள் காலை எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் குடியிருக்கிறது. மற்றவை பழைய வீடுகள். கையுறையும் செருப்பும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், எலி மூத்திரம் பட்ட ஈர மண்ணிலிருந்து எலிக்காய்ச்சல் வரலாம். பொந்துக்குள் கைவிடவே வேண்டாம், எலி வளையில் பாம்பு இருப்பது புதிதில்லை.

திறந்த பொந்தருகே, மதிலை ஒட்டிப் பெரிய கம்பிக் கூண்டு ஒன்று வையுங்கள். உங்கள் ஊர் வயல்களில் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிப்பவர்கள் உண்டு. ஆனால் குழந்தை நடமாடும் கொல்லைக்கு அது ஆகாது. இரைக்குக் கருவாடு வேண்டாம், உங்கள் நாய்தான் முதலில் தலையை விடும். அனலில் வாட்டிய தேங்காய்ச் சில்லு போதும். முதல் இரண்டு மூன்று ராத்திரி கதவு விழாதபடி கட்டி வைத்து, சும்மா தின்ன விடுங்கள். புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும் பிராணி அது, பழகிய பிறகுதான் மாட்டும். பிடிபட்டதைப் பக்கத்துத் தெருச் சாக்கடையில் விட்டுவிட்டு வந்தால் உங்களுக்கு முன்னால் அது வீடு வந்து சேர்ந்திருக்கும்.

மருந்து வேண்டவே வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்கு முறிமருந்தே கிடையாது. கேக் வடிவில் வரும் மருந்து, ரத்தம் உறையாமல் செய்து சில நாள் கழித்துத்தான் கொல்லும். அதற்குள் தள்ளாடித் திரியும் பெருச்சாளியை உங்கள் நாய் கவ்வினால்? ராத்திரி வந்து எலி பிடிக்கும் கூகைக்கும் அதே கதிதான்.

அப்புறம், உரம் என்ன போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு முறை என் ரோஜாச் செடிக்கு மீன் அமிலம் ஊற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் செடி வேரோடு வெளியே கிடந்தது, தெருநாய் ஒன்று குழிக்குள் முகத்தை விட்டு நக்கிக்கொண்டிருந்தது. அதை யார் மேல் குற்றம் சொல்வது? கடலைப் புண்ணாக்கு பெருச்சாளிக்கு விருந்து. எலும்புத்தூள் நாயைக் கூப்பிடும். மக்காத சாணத்தில் வண்டுப் புழு சேரும், புழுவைத் தேடிப் பறவை வரும். புண்ணாக்கு போட்டே ஆகவேண்டுமென்றால் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, நிறையத் தண்ணீரில் கரைத்துக் காலை வேளையில் ஊற்றுங்கள். சமையல் கழிவை மண்ணில் புதைப்பதை நிறுத்தி, மூடியுள்ள டிரம்மில் மக்க வையுங்கள்.

கடைசியாக உங்கள் கணவரின் சிமென்ட் தரை. பெருச்சாளிக்கு அது கூரை போட்டுக் கொடுத்த மாதிரி. மதிலடியில் நுழைந்து, தரைக்குக் கீழே மண்ணைக் குடைந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு மழைக்காலத்தில் தரை பொத்தென்று உட்காரும். அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். சேப்பங்கிழங்குப் பாத்தியைச் சுற்றி ஒன்றரை அடி ஆழம் பள்ளம் வெட்டி, வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்க வேண்டும். மண்ணுக்கு மேலும் ஓரடி நிற்கட்டும். மெல்லிய கோழி வலை உதவாது, சீக்கிரம் துருப்பிடித்துவிடும். கழிவுநீர்க் குழாய் வாய்க்கும் ஒரு துண்டு கட்டிவிடுங்கள்.

பள்ளம் வெட்டும் வேலையை அவரிடமே விட்டுவிடலாம். தரை போடத் தயாராக இருந்தவர்தானே.