வாஜிப், மும்கின், இப்னு சீனா: கேள்வி பதில்

கேள்வி: முஸ்லிம் தத்துவஞானி இப்னு சீனா பேசுகிற வாஜிப், மும்கின், மும்தனிஃ மூன்றையும் கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள் பாய்.

பதில்: ஒன்று இல்லை என்று வைத்துக்கொண்டால் முரண்பாடு வருமென்றால் அது வாஜிப், இருந்தே தீர வேண்டியது. இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் முரண்பாடு வருமென்றால் மும்தனிஃ, இருக்கவே முடியாதது, வட்டமான சதுரம் மாதிரி. எப்படி வைத்தாலும் முரண்பாடு வரவில்லையா, மும்கின், இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நீங்கள், நான், புகாரா நகரம், சூரியன் எல்லாமே இதில்தான் வரும்.

கேள்வி: ஒருவன் எழுதும்போது விரல் அசைந்தே தீரும். அப்போது விரலசைவு அவசியமா இல்லையா?

பதில்: அரபுத் தர்க்க நூல்களில் இதே உதாரணம் உண்டு. எழுதுகிறவன் என்ற நிலை இருக்கும்வரை அவசியம். அந்த மனிதனை மனிதனாக மட்டும் பார்த்தால் அவசியமில்லை, அவன் சும்மா உட்கார்ந்திருக்கலாம். எதை வைத்து அவசியம் என்று கேட்காமல் பேசினால் விவாதம் முடியவே முடியாது.

கேள்வி: உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்றாராமே இப்னு சீனா? அப்புறம் படைத்தவன் எதற்கு?

பதில்: பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. மும்கினுக்குக் காரணம் தேவைப்படுவது அது ஒரு நாள் தொடங்கியதால் அல்ல, இருப்பதும் இல்லாததும் அதற்குச் சமம் என்பதால் என்கிறார் அவர். கை அசைகிறது, கையிலுள்ள சாவியும் அதே கணத்தில் அசைகிறது. காலத்தில் முன்பின் கிடையாது, ஆனாலும் கையால்தான் சாவி அசைகிறதே தவிர சாவியால் கை அசையவில்லை. உலகம் என்றென்றும் இருந்தாலும் இதே நிலைதான், இந்த நொடியிலும் அதைத் தாங்க ஒன்று வேண்டும். கலாம் (இஸ்லாமிய இறையியல்) அறிஞர்கள் பெரும்பாலும் 'தொடங்கியது, ஆகவே தொடக்கியவன் உண்டு' என்ற வழியில் போனார்கள். எனக்கு இப்னு சீனாவின் வழிதான் ஆழமாகப் படுகிறது.

கேள்வி: ஒன்றுக்கு இன்னொன்று காரணம் என்று முடிவில்லாமல் பின்னால் போகட்டுமே?

பதில்: போகட்டும். அத்தனை மும்கின்களையும் ஒரே தொகுதியாக எடுங்கள். அந்தத் தொகுதியும் மும்கின்தான், அதற்குக் காரணம் வெளியே இருக்க வேண்டும், மும்கினுக்கு வெளியே இருப்பது வாஜிப் மட்டுமே. உறுப்புகளுக்கு உள்ள குணம் தொகுதிக்கும் இருக்க வேண்டுமா என்று நீங்கள் மடக்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் தன் உறுப்புகள் இல்லாமல் நிற்க முடியாத ஒன்றை வாஜிப் என்று சொல்வது அதைவிடக் கஷ்டம்.

கேள்வி: அப்படியென்றால் இப்னு சீனாவோடு கலாம் அறிஞர் இமாம் கஸ்ஸாலி எங்கே முரண்படுகிறார்?

பதில்: வாஜிபிடமிருந்து உலகம் அவசியமாக வெளிப்படுகிறது என்றால் இறைவன் தேர்ந்தெடுப்பது எங்கே? இதுதான் அவருடைய சண்டை. தத்துவஞானிகளை மறுத்து எழுதி 1095இல் முடித்த 'தஹாஃபுத்' நூலில் 20 விவாதங்கள். முதலாவதே உலகம் அநாதியா என்பது. எல்லா வகையிலும் ஒன்றுபோல இருக்கிற இரண்டு பேரீச்சம்பழங்கள், ஆசையாகப் பார்க்கிற ஒருவன், இரண்டையும் எடுக்க முடியாது. காரணமில்லாமல் தேர்வில்லை என்றால் அவன் கைநீட்டாமல் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். நிற்பானா? சமமான இரண்டில் ஒன்றைப் பிரித்தெடுப்பதுதான் நாட்டத்தின் வேலை என்கிறார். பழங்கள் சமமாக இருந்தாலும் எடுப்பதா விடுவதா என்பது சமமில்லையே என்று தத்துவஞானி இப்னு ருஷ்து பின்னால் பதில் எழுதினார். எனக்கென்னவோ அது நழுவல் பதிலாகத்தான் தெரிகிறது.

கேள்வி: கஸ்ஸாலி ஜெயித்துவிட்டார் என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: அவ்வளவு சுலபமில்லை. கலாம் அறிஞர் ஃபக்ருத்தீன் ராஸி இப்னு சீனாவின் 'இஷாராத்' நூலுக்கு உரை எழுதித் திட்டினார், திட்டிக்கொண்டே அவருடைய சொற்களைக் கலாமுக்குள் கொண்டுவந்தார். 1490இல் இறந்த, கலாமின் அஷ்அரி பிரிவு அறிஞர் ஸனூஸியின் 'உம்முல் பராஹீன்' நூல் எடுத்த எடுப்பில் அறிவின் தீர்ப்பை மூன்றாகத்தான் பிரிக்கிறது: வாஜிப், முஸ்தஹீல் (மும்தனிஃதான்), ஜாயிஸ் (மும்கின்தான்).